பூட்டிய படலமும் கட்டற்ற படலமும்: ஸ்பின் வால்வு வாசிப்பு முனை தொழிற்சாலைக்கு வந்த வழி

1997ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஐபிஎம் நிறுவனம் டெஸ்க்ஸ்டார் வரிசையில் 16.8 கிகாபைட் கொள்ளளவுள்ள ஒரு வன்தட்டை அறிவித்தது. மேசைக் கணினிக்கான 3.5 அங்குலப் பெட்டி அது. வெளித்தோற்றத்தில் அதற்கு முந்தைய வன்தட்டுகளிலிருந்து வேறுபாடு எதுவும் தெரியாது. வேறுபாடு வட்டின் மேல் பறக்கும் முனையில் இருந்தது. பெருங்காந்த மின்தடை விளைவைக் கொண்டு, அதாவது மெல்லிய காந்தப் படலங்களின் மின்தடை காந்தப் புலத்தால் பெரிதும் மாறுவதைக் கொண்டு, வட்டிலுள்ள பதிவை வாசிக்கும் ஸ்பின் வால்வு என்ற உணரியோடு விற்பனைக்கு வந்த முதல் வன்தட்டு அதுதான். அந்த விளைவு 1988இல்தான் இரண்டு ஐரோப்பிய ஆய்வகங்களில் கண்டறியப்பட்டிருந்தது. ஒரு திண்மநிலை இயற்பியல் கண்டுபிடிப்பு ஒன்பதே ஆண்டுகளில் கோடிக்கணக்கில் உற்பத்தியாகும் பொருளாக மாறியது வியப்புக்குரியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த ஒன்பது ஆண்டுகளில் நடந்தது என்ன என்பதை எழுதுபவர்கள் குறைவு. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டுபிடிப்பு காட்டிய மின்தடை மாற்றத்தின் பெரும் சதவீதத்தை அப்படியே தொழிற்சாலைக்குக் கொண்டுவருவது இந்தக் காலத்தின் முக்கிய வேலையாக இருக்கவில்லை. அந்தச் சதவீதத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, மிஞ்சிய சிறு பங்கைத் தொழிற்சாலையின் அடுத்தடுத்த படிகளில் அழியாமல் காப்பதே வேலையாக இருந்தது. சூடு, தண்ணீர், அரைப்பு, நிலைமின்சாரம் ஆகிய நான்கும் ஒரு சில நானோமீட்டர் தடிமனுள்ள படலங்களுக்கு எதிரிகள். இந்த நான்கையும் தவிர்த்துவிட்டு வாசிப்பு முனையைச் செய்ய வழியில்லை.

பொருளின் அளவு மனத்தில் பதிய ஒரு காட்சி. என் மேசையில் அந்தக் காலத்து வன்தட்டு ஒன்று மூடி திறந்த நிலையில் இருக்கிறது. வட்டுகளுக்கு இடையே நீளும் மெல்லிய எஃகுக் கைகளின் நுனியில், எள்ளை விடச் சிறிய, கருஞ்சாம்பல் நிறத் துணுக்கு ஒன்று ஒட்டியிருக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 1.25 மில்லிமீட்டர், அகலம் 1 மில்லிமீட்டர், தடிமன் 0.3 மில்லிமீட்டர். வழக்கில் இதை ஸ்லைடர் என்பார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் பின் விளிம்பில் கண்ணாடி போன்ற ஓர் அலுமினா பட்டையும், அதற்குள் செம்புச் சுருளின் மங்கலான வளையமும், தங்க நிற இணைப்புத் திட்டுகளும் தெரியும். வாசிக்கும் உணரி தெரியாது. அது அந்த அலுமினாவுக்குள், இரண்டு காந்தக் கவசங்களுக்கு நடுவே, ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட முடியாத தடிமனில் புதைந்திருக்கிறது.

பழைய முனை ஏன் போதவில்லை

ஐபிஎம் 1956இல் வெளியிட்ட முதல் வன்தட்டான ராமாக் தொடங்கி 1980களின் இறுதிவரை வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் ஒரே சுருள்தான் பயன்பட்டது. வட்டின் காந்தப் புலம் சுருளைக் கடக்கும்போது அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். 1979இல் வந்த ஐபிஎம் 3370 வன்தட்டில் இந்தச் சுருளே மின்முலாம், ஒளிச்செதுக்கு முறைகளால் வேஃபர் எனப்படும் மெல்லிய தட்டின் மேல் மென்படலமாக உருவாக்கப்பட்டது. செம்பையும், நிக்கல் எண்பது இரும்பு இருபது விழுக்காடு கொண்ட பெர்மலாயையும் சீரான தடிமனில் முலாம் பூசும் நுட்பத்தை ஐபிஎம்மின் லூபோமிர் ரொமான்கிவ் குழுவினர் உருவாக்கியிருந்தனர். பின்னால் வந்த உணரிகளுக்குத் தேவையான தொழிற்சாலைப் பழக்கம் அங்கேதான் தொடங்கியது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம் வட்டு சுழலும் வேகத்தைப் பொறுத்தது. வட்டுகள் சிறிதாக ஆக விளிம்பின் வேகம் குறைந்தது. தடங்கள் குறுக ஒவ்வொரு பிட்டின் புலமும் மெலிந்தது. வேகத்தைச் சாராமல் புலத்தையே நேரடியாக உணரும் வழி தேவைப்பட்டது. பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1850களில் கண்டறிந்த ஒரு பண்பு அதற்கு உதவியது: இரும்பிலும் நிக்கலிலும் காந்தமேற்றத்தின் திசைக்கும் மின்னோட்டத்தின் திசைக்கும் உள்ள கோணம் மாறினால் மின்தடையும் சிறிது மாறும். இதைக் கொண்டு வாசிப்பு முனை செய்யலாம் என்று ராபர்ட் ஹன்ட் 1971இல் முன்மொழிந்தார். ஐபிஎம் 1990களின் தொடக்கத்தில் அப்படிப்பட்ட முனைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எழுதுவதற்குச் சுருள், வாசிப்பதற்குப் பெர்மலாய் பட்டை என்று இரண்டு வேலைகளும் பிரிந்தது அப்போதுதான். ஆனால் மின்தடையின் மாற்றம் 2 சதவீத அளவுதான். பட்டையை மேலும் மெல்லியதாக்கினால் அதுவும் குறைந்தது. புதிய விளைவு ஒன்று கிடைக்காமல் நீண்ட காலம் தாக்குப்பிடிக்க முடியாது என்பது அத்துறையினருக்குத் தெரிந்தே இருந்தது.

1988இல் கிடைத்ததும் அதில் உதவாததும்

பாரிஸுக்கு அருகே ஓர்சேயில் ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவினர் இரும்பையும் குரோமியத்தையும் மாறி மாறி அடுக்கினர். இரும்பு 3 நானோமீட்டர், குரோமியம் 0.9 நானோமீட்டர், இப்படி 60 முறை. வெளிப்புலம் இல்லாதபோது அடுத்தடுத்த இரும்புப் படலங்கள் எதிரெதிர்த் திசையில் காந்தமேறியிருந்தன. புலத்தைக் கூட்டி எல்லாவற்றையும் ஒரே திசைக்குத் திருப்பியபோது மின்தடை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதே காலத்தில் ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தில் பீட்டர் க்ரூன்பெர்க் இரும்பு, குரோமியம், இரும்பு என்ற மூன்றே படலங்களில், அறை வெப்பநிலையில், 1.5 சதவீத மாற்றத்தை அளந்தார். 2007இல் இயற்பியலுக்கான நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். எலக்ட்ரான்கள் தற்சுழற்சியால் இருவகைப்படும். ஒரு காந்தப் படலத்தில் ஒரு வகை எலக்ட்ரான்கள் அதிகம் சிதறும், மற்றொரு வகை குறைவாகச் சிதறும். படலங்கள் அனைத்தும் ஒரே திசையில் காந்தமேறியிருந்தால் ஒரு வகை எலக்ட்ரான்களுக்கு முழுப் பாதையும் திறந்திருக்கும், மின்தடை குறையும். எதிரெதிர்த் திசையில் இருந்தால் இரு வகைகளும் ஏதாவதொரு படலத்தில் முட்டுப்படும், மின்தடை கூடும். எலக்ட்ரான் ஒரு படலத்திலிருந்து அடுத்ததற்குத் தன் தற்சுழற்சியை மறக்காமல் போய்ச் சேர வேண்டும் என்பதால் இடையிலுள்ள தூரம் சில நானோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும்.

உற்பத்திப் பொறியாளரின் கண்ணால் ஃபெர்ட்டின் அளவீட்டைப் பார்த்தால் மூன்று தடைகள் தெரியும். அந்தப் பாதிக்குப் பாதி மாற்றம் திரவ ஹீலிய வெப்பநிலையில், அதாவது முழுப்பூச்சியத்துக்கு 4.2 டிகிரி மேலே கிடைத்தது. அதற்கு 2 டெஸ்லா அளவிலான புலம் தேவைப்பட்டது. வட்டிலுள்ள ஒரு பிட்டு முனைக்குத் தரக்கூடியதோ டெஸ்லாவின் நூறில் ஒரு பங்கு அளவே. அந்தப் படலங்கள் மூலக்கூறுக் கற்றை முறையில், மிக உயர்ந்த வெற்றிடத்தில், ஒற்றைப் படிகத்தின் மேல் மெல்ல மெல்ல வளர்க்கப்பட்டவை. நாளொன்றுக்கு ஓரிரு மாதிரிகளுக்கு மேல் அப்படிச் செய்வது கடினம்.

மூன்றாவது தடையை முதலில் உடைத்தவர் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஐபிஎம் அல்மடன் ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் பார்க்கின். ஆர்கான் அயனிகளால் உலோக இலக்கை மோதி, தெறிக்கும் அணுக்களை எதிரே உள்ள தட்டில் படியவைக்கும் ஸ்பட்டரிங் முறை தொழிற்சாலைகளில் ஏற்கெனவே இருந்தது. படிக ஒழுங்கு குறைந்த அந்தப் படலங்களில் இவ்வளவு நுண்ணிய விளைவு கிடைக்காது என்ற எண்ணம் பலரிடமும் இருந்தது. பார்க்கின் குழு ஸ்பட்டரிங் முறையில் படியவைத்த படலங்களிலேயே அதைப் பெற்றது. விரைவாகப் பல மாதிரிகளைச் செய்ய முடிந்ததால் வேறொன்றும் தெரியவந்தது: நடுப்படலத்தின் தடிமனைச் சிறிது சிறிதாக மாற்றினால் இரு பக்கத்துக் காந்தப் படலங்களும் ஒருமுறை எதிர்த் திசையிலும், அடுத்து ஒரே திசையிலும், மறுபடி எதிர்த் திசையிலும் பிணைகின்றன. 1990இல் வெளியான இந்த அலைவு வெறும் அறிவியல் ஆர்வத்துக்குரியதாகத் தோன்றியிருக்கலாம். இந்த ஆய்வின் பிற்பகுதியில் அது எங்கே வந்து உதவியது என்பதைப் பார்ப்போம். 1991இல் கோபால்ட், செம்பு அடுக்குகளில் அறை வெப்பநிலையிலேயே 65 சதவீத மாற்றத்தையும் அக்குழு பெற்றது.

குறைத்துக்கொண்டதால் கிடைத்த வடிவம்

அந்த 65 சதவீதமும் வாசிப்பு முனைக்குப் பயன்படவில்லை, ஏனெனில் படலங்களைத் திருப்பத் தேவையான புலம் இன்னும் மிக அதிகமாக இருந்தது. தீர்வாக வந்த வடிவம் 1991இல் பெர்னார்டு தியனி, விர்ஜில் ஸ்பெரியோசு, பார்க்கின், புரூஸ் கர்னி முதலியோர் வெளியிட்ட ஸ்பின் வால்வு. அதில் காந்தப் படலங்கள் இரண்டே இரண்டு. நடுவே சுமார் 2 நானோமீட்டர் செம்பு, அதாவது பத்து அணு அடுக்கு. இவ்வளவு தடிமனில் இரு படலங்களும் ஒன்றையொன்று பெரிதாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஒரு படலத்தின் முதுகில் இரும்பு மாங்கனீசு என்ற எதிர்ஃபெர்ரோகாந்தப் படலத்தை (அடுத்தடுத்த அணுக்களின் காந்தத் திசைகள் எதிரெதிராக நிற்கும் பொருள்) ஒட்டவைத்து அதன் திசையைப் பூட்டிவிடுகிறார்கள். மற்றொரு படலம் கட்டற்றது. மெல்லிய புலத்துக்கும் திரும்பிக்கொடுக்கும். மின்தடை மாற்றம் 4 அல்லது 5 சதவீதமாகக் குறைந்துபோனது. ஆனால் அதைப் பெறச் சில மில்லிடெஸ்லா போதும்.

65 சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு 5 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்த அந்த முடிவை இந்த வரலாற்றின் சிறந்த முடிவு என்று நான் கருதுகிறேன். உணரியின் மதிப்பு மாற்றத்தின் மொத்த அளவில் இல்லை. கிடைக்கும் சிறு புலத்துக்கு எவ்வளவு மாறுகிறது என்பதில் இருக்கிறது.

முனையில் இதை அமைக்கும் விதமே பின்வந்த தொல்லைகளுக்கெல்லாம் வேர். வட்டிலிருந்து வரும் புலம் கூடினாலும் குறைந்தாலும் மின்தடை சீராக ஏறி இறங்க வேண்டுமென்றால், புலம் இல்லாத நிலையில் இரு படலங்களின் திசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும். ஆகவே பூட்டிய படலம் வட்டின் பரப்பை நோக்கியோ அதற்கு எதிராகவோ நிற்கும். கட்டற்ற படலம் தடத்தின் அகலவாக்கில் படுத்திருக்கும். உணரியின் இரு ஓரங்களிலும் கோபால்ட் பிளாட்டினம் வகைக் கடினக் காந்தங்களை ஒட்டவைத்து, கட்டற்ற படலம் பல துண்டு மண்டலங்களாகச் சிதறி இரைச்சல் எழுப்பாதபடி மெதுவாகப் பிடித்துவைக்கிறார்கள். பிடி மிகுந்தால் உணரி மந்தமாகும், குறைந்தால் அலையும்.

ஒரே வேஃபரில், சில நானோமீட்டர் இடைவெளியில், இரண்டு செங்குத்துத் திசைகளைப் பதிக்க வேண்டும். பதித்த பின்பு ஸ்லைடர் முழுமையாகும்வரை இரண்டும் கலையக்கூடாது.

வெப்பத்தோடு நடந்த போராட்டம்

வாசிக்கும் உணரி வேஃபரில் முதலில் உருவாகிறது. எழுதும் சுருள் அதன் மேலே பிறகு கட்டப்படுகிறது. செம்புச் சுற்றுகளுக்கு நடுவே காப்புப் பொருளாக நிரப்பப்படும் ஒளியுணர் பிசின் கெட்டிப்பட வேண்டுமானால், 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்க வேண்டும். சுருள் இரண்டு அடுக்கானால் அந்தச் சூடும் இரண்டு முறை. கீழே ஏற்கெனவே முடிந்து கிடக்கும் உணரி அத்தனை சூட்டையும் தாங்கியாக வேண்டும்.

எதிர்ஃபெர்ரோகாந்தம் ஒவ்வொன்றுக்கும் பூட்டு தளரும் வெப்பநிலை ஒன்று உண்டு. இரும்பு மாங்கனீசுக்கு அது 150 டிகிரி அளவே. ஆய்வகத்தில் அழகாக வேலைசெய்த அந்தப் படலம் பிசின் வேகும் சூட்டில் தன் பூட்டை முற்றிலும் இழந்துவிடும். குளிரும்போது காந்தப் புலம் கொடுத்து மறுபடி பூட்டலாம்; ஆனால் அந்தப் புலம் கட்டற்ற படலத்தின் செங்குத்துத் திசையையும், மேலும் கீழும் உள்ள கவசங்களின் திசையையும் குலைக்கும். வன்தட்டுக்குள் ஓடும்போதும் உணரியில் பாயும் மின்னோட்டம் அதைச் சூடாக்கும்; பூட்டு தளரும் வெப்பநிலை தாழ்ந்திருந்தால் சாதாரண இயக்கமே அதன் எல்லையை நெருங்கிவிடும். போதாக்குறைக்கு இரும்பு மாங்கனீசு எளிதில் துருப்பிடிக்கும். உணரியின் ஒரு விளிம்பு வட்டை நோக்கித் திறந்திருக்கும் என்பதையும், அந்த விளிம்பு நீர் கலந்த குழம்பில் அரைத்து உருவாக்கப்படுகிறது என்பதையும் நினைத்தால், இந்தப் பொருளோடு தொழிற்சாலையில் காலந்தள்ள முடியாது என்பது விளங்கும்.

மாற்றுப் பொருளைத் தேடி 1990கள் முழுவதும் உழைப்பு நடந்தது. நிக்கல் ஆக்சைடு ஏற்கெனவே ஆக்சைடாக இருப்பதால் துருப்பிடிக்காது, மின்கடத்தாப் பொருள் ஆகையால் உணரியின் மின்னோட்டத்தைத் தன் பக்கம் இழுத்து வீணாக்காது. ஆனால் அதன் பூட்டு 200 டிகிரியை ஒட்டித் தளர்ந்துவிடும். அதற்குக் கீழேயும் சிறு சிறு பகுதிகள் முன்கூட்டியே தளரத் தொடங்கும். இரிடியம் மாங்கனீசு 6, 7 நானோமீட்டரிலேயே பூட்டிவிடும், 250 டிகிரிக்கு அருகில்வரை தாங்கும். பிளாட்டினம் மாங்கனீசு 300 டிகிரிக்கு மேலும் தாங்கும். துருவுக்கும் எளிதில் இடங்கொடாது.

பிளாட்டினம் மாங்கனீசுக்கு ஒரு விலை இருந்தது. ஸ்பட்டரிங்கில் படிந்த உடன் அது எதையும் பூட்டாது. அணுக்கள் அங்குமிங்குமாகக் கலந்து கிடக்கும் அந்த நிலையிலிருந்து, பிளாட்டினமும் மாங்கனீசும் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும் ஒழுங்குக்கு அதைக் கொண்டுவர 250 டிகிரிக்கும் மேல் சில மணி நேரம் காந்தப் புலத்தில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். அதே சூட்டில் மற்ற படலங்கள் ஒன்றோடொன்று கரையத் தொடங்கும். நிக்கலும் செம்பும் எந்த விகிதத்திலும் கலந்துகொள்ளும் உலோகங்கள். பெர்மலாய் நேராகச் செம்பைத் தொட்டிருந்தால் எல்லைக்கோடு மங்கிப்போகும். பெருங்காந்த மின்தடை பெரும்பாலும் அந்த எல்லைக்கோட்டில்தான் பிறக்கிறது. செம்பின் இரு பக்கங்களிலும் மெல்லிய கோபால்டு, பின்னர் கோபால்ட் இரும்பு, இழையைச் செருகினால் விளைவு பெருமளவு கூடுகிறது என்று பார்க்கின் 1993இல் காட்டியிருந்தார். நிக்கல் செம்புக்குள் ஊடுருவுவதைத் தடுக்கும் வேலையையும் அந்த இழையே செய்தது. அதனால் பிளாட்டினம் மாங்கனீசின் சூட்டைத் தாங்கும் அடுக்கு ஒன்று சாத்தியமானது. மற்றொரு குறை மட்டும் நீங்கவில்லை: நன்றாகப் பூட்ட அதற்கு 15 நானோமீட்டரோ அதற்கு மேலோ தடிமன் வேண்டும். முனை எவ்வளவு நெருக்கமான பிட்டுகளைப் பிரித்தறியும் என்பதை இரு கவசங்களுக்கு இடையேயான தூரமே தீர்மானிக்கிறது. தடித்த பூட்டுப் படலம் அந்தத் தூரத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதனால் பின்வந்த ஆண்டுகளில் இரிடியம் மாங்கனீசும் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பூட்டைப் பலப்படுத்தியது பொருள் மாற்றம் மட்டுமல்ல. 1990இல் கண்ட அந்த அலைவு இங்கேதான் கைகொடுத்தது. பூட்டிய படலத்தை ஒன்றாக வைக்காமல் இரண்டாகப் பிரித்து, நடுவே 0.8 நானோமீட்டர் ருத்தீனியத்தை வைத்தால், இரண்டு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் மிக இறுக்கமாகப் பிணையும். இரண்டின் காந்தமும் ஏறத்தாழ ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் வெளிப்புலத்துக்குப் பிடித்துத் திருப்ப எதுவும் இருக்காது. உணரியின் விளிம்பிலிருந்து கசிந்து கட்டற்ற படலத்தைச் சாய்க்கும் புலமும் பெரிதும் குறைந்துவிடும். ருத்தீனியத்தின் 0.8 நானோமீட்டர் என்பது ஏறத்தாழ நான்கு அணு அடுக்கு. கைதவறிச் சில ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒன்று) கூடிப்போனால் பிணைப்பு வலுவிழந்து திசையே மாறிவிடலாம். வேஃபரின் நடுவிலும் ஓரத்திலும் அந்தத் தடிமன் ஒன்றாக இருக்க வேண்டும். இன்றைய வேஃபரிலும் அடுத்த மாத வேஃபரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பட்டரிங் எந்திரங்களைச் செய்தவர்கள் இலக்கின் சாய்வு, வேஃபரின் சுழற்சி, ஆர்கானின் அழுத்தம், அறையில் எஞ்சும் நீராவி என்று ஒவ்வொன்றாகக் கட்டுக்குள் கொண்டுவந்ததால்தான் ஓர் ஆய்வகத்து வரைபடத்தின் ஒரு மேட்டுப் பகுதி, தொழிற்சாலையில் அன்றாடம் தொடும் இலக்காக மாறியது. இதைச் செய்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் காப்புரிமை ஆவணங்களுக்கு வெளியே எங்கும் இல்லை.

செம்புப் படலத்திலும் இதே நுணுக்கம் உண்டு. செம்பை மெல்லியதாக்கினால் விளைவு கூடும். ஆனால் அடியிலுள்ள பரப்பு கரடாக இருந்தால் மேடும் பள்ளமும் படலத்துக்குப் படலம் தொடர்ந்து, அவற்றின் வழியே பூட்டிய படலம் கட்டற்ற படலத்தைத் தன் பக்கம் இழுக்கும். ஆகவே கவசத்துக்கு மேலுள்ள அலுமினாவைப் பளபளப்பாகத் தேய்த்து, அதன் மேல் 5 நானோமீட்டர் அளவில் டான்டலத்தைப் படியவைத்து, அதற்குப் பிறகே மற்ற படலங்களைத் தொடங்குவார்கள். இந்த டான்டலம் உணரியில் எந்தச் செய்தியையும் வாசிப்பதில்லை. மேலே வரும் படிகங்கள் ஒரே முகமாக எழுவதற்குத் தரை அமைத்துத் தருகிறது.

விளிம்பு

படலங்களெல்லாம் முடிந்த வேஃபர், அலுமினாவும் டைட்டானியம் கார்பைடும் கலந்து சுட்ட கறுப்புப் பீங்கான். சிலிக்கானை விடக் கடினமானது. அதன் தடிமன்தான் ஸ்லைடரின் நீளம்: வேஃபரில் மேல்நோக்கிக் கட்டப்பட்ட உணரி, துண்டாக வெட்டிப் பக்கவாட்டில் படுக்கவைத்ததும் ஸ்லைடரின் பின் விளிம்புக்கு வந்துவிடுகிறது. சில்லுத் தொழிற்சாலையில் வேஃபரை வெட்டுவது கடைசி வேலை. வெட்டிய முகத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. இங்கே வெட்டிய முகமே வேலைசெய்யும் முகம்.

வேஃபரை முதலில் சில பத்து ஸ்லைடர்கள் அடங்கிய நீண்ட குச்சிகளாக அறுக்கிறார்கள். ஒவ்வொரு குச்சியையும் ஒரு பிடிப்பானில் ஒட்டி, மிக நுண்ணிய வைரத்துகள் பதித்த தகரத் தட்டின் மேல், மெல்லிய குழம்பு சொட்டச் சொட்டத் தேய்க்கிறார்கள். உணரிப் பட்டையின் உயரம் இந்தத் தேய்ப்பில்தான் அமைகிறது. உயரம் கூடினால் சைகை மெலியும். குறைந்தால் உணரி சூடேறி ஆயுள் குறையும். அரை மைக்ரோமீட்டர் தவறினால் அந்த உணரி குப்பை. கல் போன்ற ஒரு குச்சியை இவ்வளவு துல்லியமாக எப்படித் தேய்ப்பது என்ற கேள்விக்குக் கண்ட விடை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. உணரிகளுக்கு நடுவே, பின்னால் அறுத்து எறியப்படப்போகும் இடைவெளியில், உணரியோடு சேர்த்தே சிறு மின்தடைப் பட்டைகளை வேஃபரில் அமைத்துவிடுகிறார்கள். குச்சி தேயத் தேய அந்தப் பட்டைகளும் ஒடுங்கும், மின்தடை ஏறும். எந்திரம் அதை நொடிக்கு நொடி அளந்து, குச்சியின் ஒரு பக்கம் பின்தங்கினால் அந்த இடத்தைப் பின்னாலிருந்து அழுத்தி வளைத்து, எல்லா உணரிகளும் ஒருசேர இலக்குக்கு வரும்போது நிறுத்தும். பட்டைகளின் வேலை அத்துடன் முடிந்தது. அடுத்த அறுப்பில் அவை தூளாகின்றன.

தேய்த்த முகத்தில் பீங்கான், அலுமினா, பெர்மலாய், செம்பு, மாங்கனீசுக் கலவை எல்லாம் அருகருகே திறந்து நிற்கும். மென்மையானது அதிகம் தேயும், கடினமானது குறைவாகத் தேயும், வினைபுரிவது துருவேறும். தேய்த்தபின் சில நானோமீட்டர் தடிமனில் வைரம் போன்ற கரிமப் பூச்சை இட்டு மூடுகிறார்கள். காற்றில் மிதப்பதற்கான மேடுபள்ளங்களை அயனிக் கற்றையால் செதுக்குவது அதற்குப் பிறகு.

தொடாமலே இறக்கும் உணரி

நிலைமின்சாரம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மனித விரலுக்கு உறைக்கும் நிலைமின் அதிர்வு ஆயிரக்கணக்கான வோல்ட் அளவுடையது. ஸ்பின் வால்வு உணரி சில பத்து வோல்ட்டிலேயே உருகிவிடும். உருகினால் சோதனையில் உடனே தெரிந்துவிடும். ஆபத்தானது அதை விடச் சிறிய துடிப்பு. அது படலத்தை உருக்காமல் ஒரு கணம் மட்டும் பூட்டு தளரும் வெப்பநிலைக்கு மேலே ஏற்றும். அதே துடிப்பின் மின்னோட்டம் உண்டாக்கும் புலம் பூட்டிய படலத்தைத் தலைகீழாகத் திருப்பும். சூடு ஆறியதும் தவறான திசையிலேயே பூட்டிக்கொள்ளும். மின்தடையை அளந்தால் எந்தக் குறையும் தெரியாது. வாசிக்கச் சொன்னால் சைகை தலைகீழாகவோ கோணலாகவோ வரும். ஆகவே மின்தடைச் சோதனை மட்டும் போதாது, ஒவ்வொரு முனையையும் காந்தப் புலத்தில் வைத்து அதன் மறுமொழி வளைவை வரைந்து பார்க்க வேண்டும் என்ற நடைமுறை உறுதியானது. தரைவிரிப்பு, கையுறை, இடுக்கி, பிசின் நாடா என்று தொழிலாளி தொடும் பொருள் ஒவ்வொன்றும் மின்னூட்டம் தங்காத வகையினதாக மாற்றப்பட்டது. பிளாட்டினம் மாங்கனீசின் உயர்ந்த வெப்பநிலையும் ருத்தீனியப் பிணைப்பும் இங்கேயும் பலன் தந்தன.

விளைவும் அடுத்த மாற்றமும்

ஐபிஎம்மின் சிங் சாங் குழுவினர் 1994இல் ஸ்பின் வால்வு வாசிப்பு முனையை வடிவமைத்து, செய்து, சோதித்து வெளியிட்டனர். அதிலிருந்து விற்பனைக்கு மூன்று ஆண்டுகள். வட்டில் சதுர அங்குலத்துக்கு அடங்கும் பிட்டுகள் 1990களின் முற்பகுதியில் ஆண்டுக்கு 60 சதவீத அளவில் வளர்ந்துவந்தன. 1997க்குப் பின் சில ஆண்டுகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ இரட்டித்தன. வட்டின் காந்தப் பூச்சு, முனை பறக்கும் உயரம், பிழைதிருத்தும் மின்சுற்று எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. முழுப் பெருமையையும் உணரிக்கே கொடுப்பது சரியாகாது. ஆனால் மெலிந்துகொண்டே போன பிட்டை வாசிக்கக் கண் இல்லாமல் மற்றவை பயன்பட்டிருக்கமாட்டா.

இந்த வடிவத்தின் காலம் பத்தாண்டுக்குள் முடிந்தது. செம்புக்குப் பதிலாக மின்கடத்தாத மெல்லிய தடுப்பை வைத்து, எலக்ட்ரான்கள் அதனூடே ஊடுருவும் சந்திகளில் அறை வெப்பநிலையிலேயே பெரிய மாற்றம் கிடைக்கிறது என்று 1995இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜகதீஷ் மூடேராவும் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் தெருனோபு மியாசாகியும் காட்டினர். 2004இல் மக்னீசியம் ஆக்சைடுத் தடுப்பைக் கொண்டு பார்க்கினும் ஜப்பானின் ஷின்ஜி யுவாசாவும் தனித்தனியே 200 சதவீத அளவை எட்டினர். 2000களின் நடுவிலிருந்து வன்தட்டு முனைகள் இந்த ஊடுருவல் சந்திகளுக்கு மாறின.

கற்றுக்கொண்ட பாடங்கள் வீணாகவில்லை. பூட்டிய படலம், ருத்தீனியப் பிணைப்பு, டான்டலத் தரை, காந்தப் புலத்தில் பதப்படுத்தல் எல்லாம் அப்படியே புதிய உணரிக்குள் போயின. விளிம்பின் தொல்லையும் கூடவே போனது, முன்னிலும் கடுமையாக. ஸ்பின் வால்வில் மின்னோட்டம் படலங்களின் வாக்கில் ஓடியதால் தேய்க்கும்போது உலோகம் சற்று இழுபட்டுப் பூசிக்கொண்டாலும் சமாளிக்க முடிந்தது. புதிய சந்தியில் மின்னோட்டம் படலங்களுக்குக் குறுக்கே, 1 நானோமீட்டர் தடுப்பைக் கடந்து போகிறது. வைரத்துகள் ஓர் இழை உலோகத்தை அந்தத் தடுப்பின் மேல் இழுத்துவிட்டால் மின்னோட்டம் அந்த இழை வழியே ஓடிவிடும், உணரி எதையும் வாசிக்காது. அதனால் கடைசித் தேய்ப்பின் அழுத்தத்தைக் குறைத்தார்கள், துகளை இன்னும் பொடியாக்கினார்கள்; தேய்த்த முகத்தின் மேற்படலத்தைச் சாய்வான அயனிக் கற்றையால் மெல்லச் சுரண்டி எடுத்த பின்னரே கரிமப் பூச்சை இட்டார்கள்.